ஊதாக் குதிரை

வேக்ஃபீல்டு விளையாட்டரங்கத்தில் நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொம்மைப் போர்க் கண்காட்சிக்கு முப்பத்தொன்பது வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு வருடம் விட்டுப்போனது. அது எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்த வருடம். மற்ற எல்லா வருடமும் டெரிக் ஓல்ட்ராய்டும் நானும் ஒரே காரில்தான் போனோம். அவன் பிப்ரவரியில் போய்ச் சேர்ந்துவிட்டான். இந்த வருடம் அவனுடைய படை மட்டும் என் காரின் பின்னிருக்கையில் வந்தது.

அறுநூற்றுப் பன்னிரண்டு ஈயச் சிப்பாய்கள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். பாதி மன்னர் படை, பாதி பாராளுமன்றப் படை. அத்தனைக்கும் டெரிக்தான் வண்ணம் தீட்டினான். உயிலில் அதைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தான்: 'படை நெவிலுக்கு, அவன் தூசி படிய விடமாட்டான்.' அந்த நெவில் நான்தான். தூசி விஷயத்தில் அவன் சொன்னது சரி.

காலை எட்டு மணிக்கே கூடைப்பந்துக் கோடுகளின் மேல் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பச்சை விரிப்பை இழுத்து, 1644-ல் மன்னர் படை பாராளுமன்றப் படையிடம் தோற்ற மார்ஸ்டன் மூர் போர்க்களத்தைப் பரப்பினோம். நானும் ட்ரெவரும். ட்ரெவர் எங்கள் கிளப்பின் செயலாளர். நல்ல மனுஷன், வாய்தான் ஓயாது. நான் வாய்க்காலை ஒட்டி வேலிப் புதர்களை நட்டுக்கொண்டு வர, அவன் பன்றிக்கறி ரொட்டியைக் கடித்துக்கொண்டே மன்னரின் வெள்ளைச் சட்டைக்காரர்களை நிறுத்தினான். ஒவ்வொன்றையும் அது நிற்கும் அடித்தட்டைப் பிடித்துத்தான் தூக்கினான். எங்கள் கிளப்பில் அது பைபிளுக்கு அடுத்த வாக்கு. பொம்மையின் உடம்பில் விரல் படக்கூடாது, வியர்வை பட்டால் வண்ணம் கெடும். யாராவது மறந்துபோய்க் குதிரையின் முதுகைப் பிடித்தால் டெரிக் அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி கத்துவான், "அடித்தட்டப் பிடிய்யா!" ஒருமுறை நகர மேயரையே அப்படிக் கத்தியிருக்கிறான். மேயர் பயந்து கையை உதறியதில் பீரங்கி ஒன்று கீழே விழுந்து உடைந்தது.

நான் கொஞ்சம் முசுடு. கிளப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் என்னைவிட மோசமானவர்கள் கண்காட்சிக்கு வருவார்கள். அவர்களைப் பொத்தான் எண்ணிகள் என்போம். முதுகில் பையோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசை முன் ஐந்து நிமிடம் நிற்பார்கள். பிறகு மெதுவாக, "1644-ல இந்தப் படைப்பிரிவுக்கு நீலக் கொடி இல்லையே?" என்பார்கள். போன வருடம் எங்களுக்குச் சிறந்த மேசைக் கோப்பை கிடைக்காமல் போனதற்கு அப்படிப்பட்ட ஓர் ஆள்தான் காரணம். அவர் நடுவராக வந்தார். கடைசி வரிசைக் குதிரைப்படையைக் காட்டி, "என்னங்க இது, ஊதாக் கலர்ல ஒரு குதிரை?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். டெரிக் ஒன்றுமே சொல்லவில்லை. எனக்குத்தான் காது சூடானது.

அந்தக் குதிரை எப்போதும் அங்கேதான் நிற்கும், மன்னர் படையின் இடது அணியில், பின்வரிசையில். உடம்பு முழுக்கத் திட்டுத் திட்டாக ஊதா. சவாரிக்காரன் முகம் ஆரஞ்சு. பத்து வருடத்துக்கு ஒருமுறையாவது நான் கேட்டிருப்பேன், "ஏண்டா, அதுக்கு என்ன வயித்துக் கடுப்பா? எடுத்துச் சரி பண்ணிக் குடுக்கட்டுமா?" என்று. "இருக்கட்டும் விடு" என்பான். அவ்வளவுதான். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை. ஒரு மனிதனோடு முப்பத்தொன்பது வருடம் வாரா வாரம் இந்தப் பொம்மைப் போரை ஆடியிருக்கிறேன், அவன் பகடையை எந்தக் கையில் உருட்டினால் பதற்றமாக இருக்கிறான் என்றுகூடத் தெரியும், இதைக் கேட்காமல் விட்டேன்.

படை என் வீட்டுக்கு வந்ததும் கோடை முழுவதும் அதைச் சீர்செய்தேன். உடைந்த ஈட்டிகளை ஒட்டினேன், வெளிறிய கொடிகளை மாற்றினேன். ஜூலையில் ஊதாக் குதிரையைக் கையில் எடுத்தேன். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் சகிக்கவில்லை. இடது தொடையில் வண்ணம் நசுங்கி ஒரு பெரிய தழும்பு. இனி எவனும் டெரிக்கின் படையைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. கோப்பை மீதும் ஆசை இருந்தது. குதிரையைக் கரைப்பானில் ஊறவைத்தேன். மற்ற பொம்மைகள் ஒரு நாளில் உரியும், இது இரண்டு நாள் பிடித்தது. மேலே வார்னிஷ் மூன்று நான்கு பூச்சு இருந்தது. மற்றதற்கெல்லாம் ஒரே பூச்சுதான் போடுவான். ஏன் இதற்கு மட்டும் இத்தனை என்று திட்டிக்கொண்டே பழைய பல் துலக்கியால் தேய்த்து ஈயம் தெரியும்வரை எடுத்தேன். பிறகு நான்கு நாள் உட்கார்ந்து செம்பழுப்பில் தீட்டினேன். நெற்றியில் வெள்ளைப் பொட்டு, கடிவாளத்தில் பித்தளை வளையம். என் வாழ்நாளிலேயே சிறந்த குதிரை அது.

இந்த வருடக் கண்காட்சியில் கோப்பை எங்களுக்குத்தான் கிடைத்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு அதைப் பற்றிப் பேசப் பிடிக்காது.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. பழைய பொருள் விற்கும் மேசைக்குக் கூட்டம் ஓடியது. நான் தேநீரோடு வந்து உட்கார்ந்தேன். ட்ரெவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே சொன்னான், "ஆமா, சொல்ல மறந்துட்டேனே. லிண்ட்சி போன் பண்ணுச்சு."

"எந்த லிண்ட்சி?"

"டெரிக்கோட பொண்ணுய்யா. அபர்டீன்லேர்ந்து ரயில்ல வருது. ரெண்டு மணிக்கு இங்க வந்துரும்."

டெரிக்கின் மனைவி அவனை விட்டுப் போனபோது அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது. தாயோடு அபர்டீனுக்குப் போனவள் திரும்பவில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வரும், எப்போதாவது போன் வரும், கடைசிப் பத்து வருடம் அதுவும் இல்லை. யார் மேல் தப்பு என்று எனக்குத் தெரியாது, டெரிக் சொன்னதில்லை. இறுதிச் சடங்கில் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

"படையைக் கேக்கவா வருது?" என்றேன். கேட்டால் கொடுத்துவிடுவது என்றுதான் நினைத்தேன், கொஞ்சம் வலித்தாலும்.

"அதெல்லாம் வேணாமாம். ஒண்ணே ஒண்ணு போதுமாம். அந்த ஊதாக் குதிரைதானாம், சின்ன வயசுல அந்தப் பொண்ணே தீட்டுனதாம். 'அது இன்னும் இருக்கா?'ன்னு கேட்டுச்சு. 'நெவில்கிட்ட இருக்கும்மா, பத்திரமா இருக்கும், அந்த ஆளு தூசி படிய விடமாட்டான்'னு சொன்னேன். போன்லயே அழுதுருச்சு பாவம்."

தேநீரைக் கீழே வைத்தேன். ட்ரெவருக்கு நான் குதிரையை மாற்றியது தெரியாது, இடது அணியை நான்தான் நிறுத்தியிருந்தேன். பின்வரிசையைப் பார்த்தேன். என் செம்பழுப்புக் குதிரை நெற்றிப் பொட்டோடு அழகாக நின்றது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுபது வயதில் இப்படி ஒரு கோழைத்தனம் வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். "கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு வர்றேன்" என்று ட்ரெவரிடம் சொல்லிவிட்டு, குதிரையை அடித்தட்டைப் பிடித்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அரங்கத்துக்குள் இருந்த வண்ணக் கடைகளில் கூட்டம் அலைமோதியது. என் முறை வருவதற்குள் பதினொன்றரை ஆகிவிட்டது. ஊதாப் புட்டி ஒன்று, ஆரஞ்சு ஒன்று, இருப்பதிலேயே மட்டமான தூரிகை ஒன்று. கடைக்காரப் பெண் என்னைத் தெரிந்தவள். "பேரனுக்கா நெவில்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்குப் பேரன் கிடையாது.

கார் நிறுத்துமிடத்தில், மழையில், காருக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கெட்டதாகத் தீட்டுவது இவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. நாற்பது வருடம் பழகிய கை, விட்டால் நிழல் வைக்கிறது, விளிம்பில் நிற்கிறது. மூன்று முறை துடைத்தேன். கடைசியில் தூரிகையை இடது கைக்கு மாற்றி, குழந்தை அப்புவதுபோல அப்பினேன். நெற்றிப் பொட்டு போனது. பித்தளை வளையம் போனது. கெட்டியாகப் போட்டால்தான் அடியில் உள்ள பழுப்பு மறையும், அதனால் கெட்டியாகப் போட்டேன். முடித்துப் பார்த்தால் பழையது மாதிரியேதான் இருந்தது. ஒரு கணம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அதைச் சொல்லவே இப்போது கூசுகிறது. காரின் சூட்டுக் காற்றை அதன் மேல் திருப்பினேன். மணி பன்னிரண்டே முக்கால். இரண்டு மணிக்குள் காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அதுவரை பின்வரிசையில் நிற்கட்டும் என்று உள்ளே கொண்டுவந்து வைத்தேன். கையை எடுக்குமுன் ட்ரெவரின் குரல் கேட்டது.

"இதோ, ஆளே வந்துட்டாரு. முந்தின ரயிலே கெடைச்சுதாம் பாப்பாவுக்கு."

நாற்பதைக் கடந்த பெண். நனைந்த மழைக்கோட்டு. டெரிக்கின் அகலமான நெற்றி அப்படியே இருந்தது. கைகுலுக்க நான் நிமிர்ந்தேன், ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றி நேராக இடது அணிக்குப் போனாள். எந்த மூலை என்று அவளுக்கு இன்னும் நினைவிருந்தது.

"இருக்கு" என்றாள். "நெவில் அங்கிள், இன்னும் இருக்கு!"

அவள் கை நீண்டது. பொம்மை தூக்கிப் பழகாத கை. அடித்தட்டைப் பிடிக்கவில்லை, குதிரையின் உடம்பையே கட்டைவிரலும் சுட்டுவிரலுமாகப் பிடித்துத் தூக்கினாள். என் வாயில் டெரிக்கின் கத்தல் வந்து நின்றது. வெளியே வரவில்லை.

அவள் விரலைப் பார்த்தாள். ஊதாவாக இருந்தது.

"ஈரமா இருக்கே" என்றாள்.

ட்ரெவர் என்னைப் பார்த்தான். ஒலிபெருக்கியில் யாரோ ஒரு கார் எண்ணைச் சொல்லி விளக்கு எரிந்துகொண்டிருப்பதாக அறிவித்தார்கள். அது என் கார்தான்.

"ட்ரெவர், நீ போய் வெளக்க அணைச்சிட்டு வா" என்று சாவியைக் கொடுத்தேன். அவன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வார்த்தை பேசாமல் போனான்.

"உக்காரும்மா" என்றேன். அவள் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜூலை, கரைப்பான், பல் துலக்கி, போன வருடத்து நடுவர், கோப்பை, காலையில் வாங்கிய ஊதாப் புட்டி, இடது கை. ஒன்றையும் விடவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பொத்தான் எண்ணி வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார்.

அவள் வெகுநேரம் குதிரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கலர் போனா போகுது. நான் தீட்டுனதுதானே" என்றாள். "அதுக்காகவா இவ்ளோ தூரம் வந்தேன்? இங்க, தொடையில ஒண்ணு இருந்துச்சே?"

"ஒரு தழும்பு இருந்துச்சு. வண்ணம் நசுங்கிக் கெடந்துச்சு."

"அது எங்கப்பாவோட கட்டைவிரல்."

அந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமலே அவள் சொன்னாள்.

"ஆறு வயசு எனக்கு. சமையலறையிலிருந்து அம்மா, 'இன்னைக்கும் பொம்மைதானா'ன்னு கத்திக்கிட்டிருந்தாங்க. அப்பா எனக்கு ஒரு குதிரையும் புட்டியும் குடுத்து, 'உன் இஷ்டத்துக்குத் தீட்டு'ன்னாரு. முடிச்சுக் காட்டுனேன். அவரு ஒரு நிமிஷம் பாத்தாரு. அப்புறம் அப்படியே கையில தூக்கிக்கிட்டு, 'ஏய், இங்க பாரு, உம் பொண்ணு என்ன பண்ணியிருக்கா பாரு'ன்னு சமையலறைக்கு ஓடுனாரு. ஒடம்பையே பிடிச்சுத் தூக்கிட்டாரு. எப்பப் பாத்தாலும் அடித்தட்டு அடித்தட்டுன்னு உயிர வாங்குற மனுஷன். ரேகை அப்படியே பதிஞ்சிருச்சு. நான் அழுதேன். 'சரி பண்ண மாட்டேன், இது இப்படியே இருக்கும்'னு சொன்னாரு. அந்த வீட்ல அம்மா அப்பா ரெண்டு பேரும் சேந்து சிரிச்சு நான் பாத்தது அன்னைக்கு மட்டும்தான்."

அதனால்தான் நான்கு பூச்சு வார்னிஷ். அதனால்தான் நடுவரும் மற்றவர்களும் சிரித்தபோது அவன் வாயைத் திறக்கவில்லை. முப்பத்தைந்து வருடமாக அதைக் காத்து வைத்திருந்தான். காத்தவன் என்னை நம்பி ஒப்படைத்தான். நான் பல் துலக்கியால் தேய்த்து எடுத்துவிட்டேன். அவமானத்தைவிடத் துக்கம்தான் அதிகமாக இருந்தது. பிப்ரவரியில் வராத அழுகை அந்த அரங்கத்தின் நடுவில், சீட்டுக் குலுக்கல் அறிவிப்புக்கு நடுவில் வந்தது. அடக்கப் பார்த்து முடியவில்லை.

லிண்ட்சி என்னைத் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

"நீங்க அதப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். "நல்லா, கிட்டத்துல?"

"பாத்தேன். பூதக்கண்ணாடியில."

"அப்ப சொல்லுங்க. எப்படி இருந்துச்சு? உங்களுக்கு அப்புறம் யாரும் அதப் பாக்கப்போறதில்ல."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். குறை கண்டுபிடிக்கப் பழகிய கண் எனக்கு. ஒருமுறை பார்த்த குறையை அது மறப்பதில்லை. அன்று அதுவே உதவியது.

"தொடையோட பின்பக்கம், வாலுக்குக் கொஞ்சம் கீழ ஆரம்பிச்சுச்சு" என்றேன். "சாய்வா, வயித்துப் பக்கம் எறங்குச்சு. பாதி விரல்தான் பதிஞ்சிருந்துச்சு. கோடுங்க வளைஞ்சு வளைஞ்சு, நடுவுல நெருக்கமா. ஒரு ஓரத்துல ஊதா ஒதுங்கி மேடு கட்டியிருந்துச்சு. அப்புறம் குறுக்க ஒரு கோடு. நேரா, எல்லா ரேகையையும் வெட்டிக்கிட்டுப் போச்சு. நான் அதத் தூரிகை மயிரு ஒட்டியிருக்குன்னு…"

நிறுத்தினேன். அது மயிர் இல்லை. எங்களுக்குப் பழக்கமாகி முதல் வருடம், டெரிக் பொம்மையின் அடியைச் சீவும்போது கத்தி நழுவிக் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு என் காரில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஐந்து தையல். இருக்கையெல்லாம் ரத்தம். அந்த வடுவை வாரத்துக்கு ஒருமுறை, ஆட்ட மேசைக்கு எதிரில், பகடையை உருட்டும் கையில் பார்த்திருக்கிறேன். பூதக்கண்ணாடிக்கு அடியில் வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

அதையும் அவளிடம் சொன்னேன். அந்த விபத்து அவளுக்குத் தெரியாது. வடு மட்டும் தெரியும்.

"இங்கயா?" என்று குதிரையை என் முன் நீட்டினாள். மேசையில் கிடந்த பல்குச்சியால் இடத்தைக் காட்டினேன். அவள் கட்டைவிரல் ஏற்கெனவே அதற்குப் பக்கத்தில்தான் பதிந்திருந்தது. காயாத ஊதாவில் அவளுடைய ரேகை.

"அவரோடது இதவிடப் பெருசாம்மா?"

"பெருசு" என்றாள். பிறகு, "இந்த ஈயம்? அது அவரு குடுத்ததுதானே?" என்று கேட்டாள்.

"அதேதான். அத மாத்தல."

"அப்ப எடுத்துக்கறேன்."

பெட்டி தருகிறேன், பஞ்சு வைத்துக் கட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். மழைக்கோட்டின் பொத்தானை ஒரு கையால் போட்டுக்கொண்டாள்.

"உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு, அங்கிள். அது சீக்கிரம் போகாது."

"போக வேணாம்மா" என்றேன்.

கொஞ்ச தூரம் போய் நின்றாள். திரும்பி வந்து என்னைக் கேட்டாள், "அடுத்த வருஷமும் இதே சனிக்கிழமைதானா?"

"நவம்பர் ரெண்டாவது சனி. எப்பவும்."

தலையாட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள். முதுகில் பையோடு திரும்பியவர்கள் இடித்துவிடாதபடி குதிரையை மார்போடு வைத்திருந்தாள். அடித்தட்டைப் பிடிக்கவில்லை. நான் காட்டிய இடத்தில் கட்டைவிரலை அழுத்தி, உடம்பையே பிடித்திருந்தாள். கதவு தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.